உறையை விட்டு வெளிவராத கதிர்: நெல்லின் உச்சிக் கணுவிடையில் ஜிப்ரலின் சிதையும் விதம்

வீரிய ஒட்டு நெல்லுக்கு விதை உற்பத்தி செய்யும் வயலில், கதிர் வரும் பருவத்தில் பெண் வரிசைகளை உற்றுப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். கதிரின் நுனிப்பகுதி மட்டும் தலை நீட்டியிருக்கும். அடிப்பகுதிப் பூக்கள், கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். பக்கத்திலேயே நிற்கும் ஆண் வரிசையில் கதிர் முழுதாக வெளிவந்து காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

பெண் பயிர் ஆண்மலட்டுப் பயிர். அதற்குச் சொந்த மகரந்தம் கிடையாது. ஆண் வரிசையிலிருந்து காற்றில் வரும் மகரந்தம் பட்டால்தான் மணி பிடிக்கும். உறைக்குள் இருக்கும் பூவுக்கு அது எட்டாது என்பதால், அடைபட்ட ஒவ்வொரு பூவும் விதை விளைச்சலில் ஓர் இழப்பு. அது போதாதென்று, ஈரம் தங்கும் அந்த உறைக்குள் இலையுறை அழுகல் நோயும் எளிதாகத் தொற்றுகிறது.

விதை உற்பத்தியாளர்கள் இதற்கு, தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் ஹார்மோன்களில் ஒன்றான ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கிறார்கள். இந்தியாவில் எக்டருக்குச் சுமார் 45 முதல் 60 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. சீனாவில் இதைவிடப் பல மடங்கு பயன்படுத்துகிறார்கள். தூள் தண்ணீரில் நேராகக் கரையாது என்பதால், முதலில் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீரில் கலந்து, கதிர்கள் வெளிவரத் தொடங்கும்போது இரண்டு தவணையாகத் தெளிப்பது வழக்கம். கதிருக்குக் கீழே உள்ள உச்சிக் கணுவிடை, அதாவது தண்டில் கடைசி இரண்டு கணுக்களுக்கு மேல் கதிரைத் தாங்கும் பகுதி, நீண்டு, கதிரை உறையிலிருந்து மேலே தள்ளிவிடுகிறது.

இந்த முறை பலன் தருகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹார்மோன் ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில் போதவில்லை என்ற கேள்விக்கு, "பயிர் குறைவாக உற்பத்தி செய்கிறது" என்ற ஒரே பதிலோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஒரு திசுவில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை, அது அங்கே எவ்வளவு வேகமாக அழிக்கப்படுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. எந்த ஹார்மோன், எந்தத் திசுவில், எந்த நொதியால் சிதைக்கப்படுகிறது என்று தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு நெல்லின் உச்சிக் கணுவிடையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பின்னணி: வரத்தும் வடிகாலும்

இதுவரை 136 வகை ஜிப்ரலின்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இவற்றில் பயிரின் வளர்ச்சியை உண்மையாகவே தூண்டக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை (ஜிஏ என்பது ஜிப்ரலினின் ஆங்கிலச் சுருக்கம்): ஜிஏ1, ஜிஏ3, ஜிஏ4, ஜிஏ7. மற்றவை பெரும்பாலும் உற்பத்திப் பாதையின் இடைநிலைப் பொருள்கள், அல்லது செயலிழந்து போன மிச்சங்கள். பட்டியலில் உள்ள பெரும்பான்மைப் பெயர்கள் வேலை செய்யாத வடிவங்களுக்கு உரியவை என்பதே, ஆக்கத்துக்கு இணையாக அழிப்புக்கும் தாவரம் எவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

காவிரி டெல்டாவில் வயல் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் பலருக்கும் பொது. ஆனால் எந்த வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அந்தந்த வயலின் வடிகாலையும் பொறுத்தது. ஜிப்ரலினுக்கும் திசுவுக்குத் திசு வடிகால் வேறு. இவற்றில் நெடுநாளாக அறியப்பட்டது, மூலக்கூறின் 2ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டிவிடும் வினை. அந்த ஒட்டு விழுந்ததும் ஜிஏ1, ஜிஏ8 ஆகிறது. ஜிஏ4, ஜிஏ34 ஆகிறது. இரண்டு விளைபொருள்களுக்கும் செயல்திறன் இல்லை. இதைச் செய்பவை ஜிஏ2-ஆக்சிடேஸ் என்ற நொதிக் குடும்பம்.

வரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் பெரிய அளவில் பார்த்துவிட்டது. 1966இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐஆர்8 இரகத்தின் குட்டைத்தன்மைக்குக் காரணம், ஜிப்ரலின் உற்பத்திப் பாதையில் உள்ள ஜிஏ20-ஆக்சிடேஸ்2 என்ற நொதியின் மரபணு பழுதுபட்டதுதான் என்று 2002இல் தெரியவந்தது. தைவானின் டீ-கியோ-வூ-ஜென் இரகத்திலிருந்து வந்த அந்தப் பழுது தண்டைக் குறுக்கியது, பூவைக் கெடுக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மரபணு பூக்களில் இயங்கி அங்கே பற்றாக்குறை வராமல் பார்த்துக்கொள்வதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பசுமைப் புரட்சி என்று நாம் கொண்டாடுவதன் அடியில், திசுவுக்குத் திசு மாறும் ஹார்மோன் கணக்கு ஒன்று இருந்திருக்கிறது.

நிகழ்வு: கலிஃபோர்னியாவின் நெட்டைப் பயிர்

1981இல் ரட்கர், கார்னஹான் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் கண்ட ஒரு நெல் வகையைப் பற்றி எழுதினார்கள். நாற்றாக இருக்கும்போதும், தூர் கட்டும்போதும், தண்டு நீளத் தொடங்கும்போதும் மற்றப் பயிர்களிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. கதிர் வரும் சமயத்தில்தான் வேறுபாடு தெரியும். அப்போது உச்சிக் கணுவிடை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்காக நீண்டு, கதிரைக் கண்ணாடி இலைக்கு மேலே வெகு உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். பண்பு ஒடுங்கு பண்பு. அதாவது இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பழுதுபட்டால் இந்தப் பண்பைத் தரும் மரபணுவை, 'நீண்ட உச்சிக் கணுவிடை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஈயூஐ என்று அழைக்கிறார்கள்.

ஒட்டுவிதை உற்பத்திக்கு ஆண்மலட்டு வரிசை, அதைப் பராமரிக்கும் வரிசை, மலட்டை மீட்கும் ஆண் வரிசை என்று மூன்று வேண்டும். ஈயூஐ பண்பை நான்காவது மரபியல் கூறாக இவற்றுடன் சேர்க்கலாம் என்பது இருவரின் யோசனை. ஆண் பயிர் நெட்டையாக நின்றால் மகரந்தம் குட்டையான பெண் பயிர்மேல் நன்றாகப் பரவும். பண்பு ஒடுங்கு பண்பு என்பதால் விவசாயி கைக்குப் போகும் ஒட்டுப்பயிர் நெட்டையாகாது, சாயவும் சாயாது. அழகான சிந்தனை இது.

ஆனால் வேறொரு பயன் பின்னால் பெரிதாக எழுந்தது. சீனாவின் ஒட்டு நெல் திட்டம், 1970இல் ஹைனான் தீவில் கிடைத்த ஒரு காட்டு நெல் செடியின் மலட்டுத் தன்மையை அடித்தளமாகக் கொண்டது. அந்த மலட்டுத் தன்மைக்குக் காரணமான சைட்டோபிளாசத்தை (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) சுமக்கும் பெண் வரிசைகளில்தான் கதிர் உறையில் சிக்கும் குறை கடுமையாக இருக்கிறது. அதே வகை மலட்டுத் தன்மைதான் இந்தியாவுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் முதல் ஒட்டு நெல்லான எம்ஜிஆர்1, அதாவது கோஆர்ஹெச்1, 1994இல் வெளியானது. அதன் பெண் வரிசை ஐஆர்62829ஏ. பின்னர் வந்த பல ஒட்டுகளுக்குத் தாயாக அமைந்த ஐஆர்58025ஏ வரிசையும் இதே வழி வந்ததுதான். இத்தகைய வரிசைகளில் கதிர் வெளிவரும் நேரத்தில் உச்சிக் கணுவிடையின் ஜிப்ரலின் அளவு தாழ்ந்திருக்கிறது. சீன இனவிருத்தியாளர்கள் ஈயூஐ பழுதை ஆண் பயிருக்குக் கொடுக்காமல் பெண் பயிருக்குள் கொண்டுவந்தார்கள். உச்சிக் கணுவிடை நீண்டது. கதிர் தானாக வெளிவந்தது. தெளிக்க வேண்டிய ஜிப்ரலிக் அமிலத்தின் அளவும் குறைந்தது.

இவ்வளவும் அந்த மரபணு என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில் நடந்தவை.

2006: நொதி பிடிபட்டது

ஷாங்காயைச் சேர்ந்த சூஹுவா ஹேயின் குழுவும் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷின்ஜிரோ யமகுச்சி முதலானோரும் சேர்ந்து 2006இல் விடையை வெளியிட்டார்கள். ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஈயூஐ மரபணு, சைட்டோகுரோம் பி450 வகையைச் சேர்ந்த ஒரு நொதிக்கான குறிப்பைத் தாங்கியிருக்கிறது. நொதிப் பட்டியலில் அதன் பெயர் சிஒய்பி714டி1. அதுவரை அதன் வேலை அறியப்பட்டிருக்கவில்லை.

முதல் தடயம் ஹார்மோன் அளவீட்டில் கிடைத்தது. மரபணு பழுதுபட்ட பயிரின் உச்சிக் கணுவிடையில், செயல்திறன் உள்ள ஜிப்ரலின்கள் இயல்புக்கு மிக மிக அதிகமாகக் குவிந்திருந்தன. ஒரு மரபணு பழுதானதால் ஹார்மோன் கூடுகிறது என்றால், அந்த மரபணு ஹார்மோனை அழிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகத்தோடு நிற்காமல் அவர்கள் மரபணுவை ஈஸ்ட் செல்களுக்குள் வைத்து இயக்கினார்கள். ஈஸ்ட்டுக்குச் சொந்தமாக ஜிப்ரலின் கிடையாது. எனவே அதற்குள் கொடுத்த ஜிப்ரலின் எந்த மாற்றம் அடைந்தாலும் அது புகுத்தப்பட்ட நொதியின் வேலையே. விளைபொருளைப் பிரித்துப் பார்த்தபோது, மூலக்கூறின் 16ஆம் கார்பனுக்கும் 17ஆம் கார்பனுக்கும் இடையே இருந்த இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன் அணு அமர்ந்து எபாக்சைடு வளையம் உருவாகியிருந்தது. இப்படி மாறிய ஜிஏ4ஐ நெல்லுக்கே கொடுத்துச் சோதித்தபோது அதன் திறன் குறைந்திருந்தது. மறுபக்கம், இந்த மரபணுவை அளவுக்கு மீறி இயங்க வைத்த பயிர்கள் குள்ளமாகிப் போயின.

2ஆம் கார்பனில் நடக்கும் வினையை மட்டுமே முதன்மையாக எண்ணிக்கொண்டிருந்த துறையில், முற்றிலும் வேறான இன்னொரு அழிப்புப் பாதை இருப்பது இப்படி நிறுவப்பட்டது. அளவீடு, தனிமைப்படுத்திய நொதி, விளைபொருளின் திறன் சோதனை, மிகை இயக்கம் என்று நான்கு பக்கமும் அடைத்துவிட்டு முடிவுக்கு வந்த இந்த ஒழுங்கைத் தாவரவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

ஏன் அந்த ஒரே இடம்?

மரபணு பழுதாக இருப்பது பயிரின் எல்லாச் செல்களிலும். நீள்வது மட்டும் ஒரே ஒரு கணுவிடை. இந்த நிகழ்வின் மையப் புதிர் இதுதான்.

2008இல் அதே குழுவினர் வெளியிட்ட தொடர் ஆய்வு இதற்குப் பெரும்பகுதி விடை தருகிறது. ஈயூஐ மரபணுவின் இயக்கம் வளர்ச்சிப் பருவத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. அது மிக அதிகமாக இயங்குவது சாற்றுக்குழாய்க் கற்றைகளில். வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுத்தால் மரபணுவின் இயக்கமும் தூண்டப்படுகிறது. வரத்து கூடும்போது வடிகாலும் அகலமாகிறது என்று கொள்ளலாம். நாற்றுப் பருவத்தில் வெளித்தோற்றத்துக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே மாற்றங்கள் நடந்துகொண்டிருந்தன. ஈயூஐ பழுதான நாற்றுகளில் ஜிப்ரலின் உற்பத்தி மரபணுக்கள் தணிந்திருந்தன. மற்றோர் அழிப்பு நொதியான ஜிஏ2-ஆக்சிடேஸ்1 கூடுதலாக இயங்கியது. ஒரு வழி அடைபட்டதும் வரத்தைக் குறைத்து, அடுத்த வழியைத் திறந்து நாற்று சமாளித்திருக்கிறது.

ஆனாலும் சில திசுக்களில் பழுது வெளிப்படவே செய்தது. வேர்மூடிச் செல்களில் இருக்க வேண்டிய மாவுச்சத்துத் துகள்கள் சரியாக உருவாகவில்லை. வேர் எந்தப் பக்கம் கீழ் என்று உணர்வது இந்தத் துகள்களைக் கொண்டுதான். ஈயூஐ மிகையாக இயங்கிய பயிர்களில் துகள்கள் பெருகின, புவியீர்ப்புக்கு வேர் காட்டும் எதிர்வினையும் வலுப்பட்டது. விதையின் மாவுப் பகுதியைச் சூழ்ந்த அலுரோன் அடுக்கிலோ, வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுக்காமலேயே மாவுச்சத்தைக் கரைக்கும் அமைலேஸ் நொதியின் மரபணு மிகத் தீவிரமாக இயங்கியது. ஒரே நொதியின் இழப்பு தண்டில் நீளமாகவும், வேர்மூடியில் மாவுக் குறைவாகவும், விதையில் மாவைக் கரைக்கும் அவசரமாகவும் தெரிகிறது.

அப்படியானால் கதிர் வரும் பருவத்தின் உச்சிக் கணுவிடையில் மட்டும் அந்தச் சமாளிப்பு ஏன் தோற்றது? இங்கே எனது ஊகத்தை ஊகமாகவே சொல்கிறேன். நெல்லின் தழைப் பகுதிகளில் மேலோங்கி இருப்பது ஜிஏ1. மகரந்தப்பையில் குவிந்திருப்பது ஜிஏ4, அதுவும் மற்றத் திசுக்களோடு ஒப்பிடவே முடியாத அளவில். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 13ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. ஜிஏ1க்கு அது உண்டு, ஜிஏ4க்கு இல்லை. ஈயூஐ நொதி முதன்மையாகத் தாக்குவது அந்தத் தொகுதி இல்லாத ஜிப்ரலின்களை. பூக்கும் கதிருக்கு நேர் கீழே இருக்கும் கணுவிடைதான் அந்த வகை ஹார்மோனின் பெருக்கை எதிர்கொள்ளக்கூடிய இடம். அங்குள்ள குழாய்க் கற்றைகளில் காவல் இல்லாமல் போனால் ஈடுசெய்ய மற்ற நொதிகளால் முடிவதில்லை என்று நினைக்கிறேன். ஆண்மலட்டு வரிசையில் கதிர் சிக்குவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. மகரந்தப்பை ஒழுங்காக உருவாகாத பயிரில் வரத்து குறைவு. ஈயூஐ வடிகாலோ திறந்தே இருக்கிறது. அதை அடைத்ததும் இருக்கும் கொஞ்சம் ஹார்மோனே போதுமானதாகிவிடுகிறது.

தண்டின் மறுமுனையிலும் இப்படி ஒரு காவல் உண்டு. வளர்நுனியைச் சூழ்ந்துள்ள இளம் இலைகளின் அடியில், ஜிஏ2-ஆக்சிடேஸ்1 நொதியின் மரபணு ஒரு வளையம்போல் இயங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். இலைகளில் உருவாகும் ஜிப்ரலின் வளர்நுனியைத் தீண்டாதபடி அந்த வளையம் தடுக்கிறது என்பது அவர்களின் விளக்கம். பயிர் தழைப் பருவத்திலிருந்து கதிர்ப் பருவத்துக்கு மாறும்போது அந்த மரபணுவின் இயக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

தெளிக்கும் அமிலம் ஏன் பலிக்கிறது

நாம் தெளிக்கும் ஜிப்ரலிக் அமிலம் ஜிஏ3. அதன் கட்டமைப்பில் இரண்டு அம்சங்களைக் கவனிக்க வேண்டும். 1ஆம் கார்பனுக்கும் 2ஆம் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஆகவே ஜிஏ2-ஆக்சிடேஸால் 2ஆம் கார்பனில் வழக்கமான ஒட்டைப் போட முடியாது. 13ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஆகவே ஈயூஐ நொதிக்கும் அது ஏற்ற இரையாக இல்லை. இந்த இரண்டு அழிப்புப் பாதைகளுக்கும் எளிதில் சிக்காத மூலக்கூறு அது. எக்டருக்கு ஐம்பது கிராம் அளவில் ஒரு பொருள் ஒரு வயல் முழுவதையும் உயர்த்திக் காட்டுவதில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கிறது.

அதன் பிறப்பிடமும் நெல் வயல்தான். நாற்றுகளை வெளிறச் செய்து, கட்டுமீறி நெட்டையாக வளர்த்து, கடைசியில் சாகடிக்கும் பக்கானே நோயை ஆராய்ந்த குரோசாவா, 1926இல் தைவானில், நோய்க்காளான் வெளியிடும் ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று காட்டினார். 1938இல் யபுதாவும் சுமிக்கியும் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று விற்பனைக்கு வரும் ஜிப்ரலிக் அமிலமும் அந்தக் காளானை நொதிக்க வைத்தே தயாரிக்கப்படுகிறது. நெல்லின் அழிப்பு நொதிகளுக்கு எளிதில் பிடிபடாத வடிவத்தை நெல்லின் எதிரியே உற்பத்தி செய்கிறது என்பது எனக்கு ஆழ்ந்த வியப்பைத் தருகிறது.

அதே கதிரில் வேறொரு ஹார்மோன்

ஜிப்ரலினுக்கு மட்டுமே உரிய தனி இயல்பு என்று இதை ஒதுக்க முடியாது. ஒரு கதிரில் எத்தனை மணி என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒன்றை நகோயா பல்கலைக்கழகத்தின் அஷிகாரி குழுவினர் 2005இல் அடையாளம் கண்டார்கள். மணி அதிகம் உள்ள ஹபடாகி இரகத்தையும் குறைவாக உள்ள கோஷிஹிகாரி இரகத்தையும் கலந்து தேடியபோது கிடைத்தது, செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் ஒரு நொதியின் மரபணு. கதிரின் ஆக்குத்திசுவில், அதாவது புதிய செல்கள் பிறக்கும் திசுவில், அந்த நொதி குறைந்தால் சைட்டோகைனின் தங்குகிறது, பூக்கள் பெருகுகின்றன, மணிகள் கூடுகின்றன. விளைச்சலைக் கூட்டிய மரபணு மாற்றம், ஹார்மோனை அழிக்கும் வேலையைத் தணித்த மாற்றமாக இருந்தது.

ஆய்வகங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில், இலைத்துளைகளை மூடி விதையை உறங்க வைக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தைச் சிதைக்கும் சிஒய்பி707ஏ நொதிக் குடும்பம் வேலையைத் திசுவாரியாகவே பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் கூடும்போது இலைத்துளைக் காப்புச் செல்களில் முதலாவது உறுப்பும், சாற்றுக்குழாய்த் திசுவில் மூன்றாவது உறுப்பும் அந்த ஹார்மோனை அழிக்கின்றன என்று 2009இல் காட்டப்பட்டது. நனைந்த விதையில் அதைக் கரைத்து உறக்கத்தைக் கலைப்பதில் இரண்டாவது உறுப்புக்கு முதன்மைப் பங்கு.

இனவிருத்தியாளரின் கணக்கு

ஈயூஐ பழுதைப் பயன்படுத்த விரும்பினால், அது பெண் வரிசையிலும் அதைப் பராமரிக்கும் வரிசையிலும் இருக்க வேண்டும். மலட்டை மீட்கும் ஆண் வரிசையில் இயல்பான மரபணு இருந்தால் விவசாயியின் வயலில் நிற்கும் ஒட்டுப்பயிர் இயல்பான உயரத்துடன் வரும். எதிர்த்திசையிலும் இதே மரபணு பயன்படக்கூடும். ஜிப்ரலின் உற்பத்தி நடக்கும் திசுக்களிலேயே ஈயூஐ இயங்கும்படி 2008 ஆய்வில் மாற்றியமைத்தபோது பயிரின் உயரம் கணிசமாகக் குறைந்தது. மரபணுவை முழுதாக அணைக்காமல் அதன் இயக்கத்தைத் தணித்தபோது உயரம் கூடி, கதிரும் நன்றாக வெளிவந்தது. அழிப்பு நடக்கும் இடத்தையும் அளவையும் சிறிதாக மாற்றினாலே பயிரின் உருவம் மாறுகிறது. உற்பத்தி மரபணுக்களையே திருகிக்கொண்டிருக்கும் இனவிருத்தித் திட்டங்கள் இந்தப் பக்கம் இன்னும் அதிகமாகத் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இதில் ஒரு விலையும் உண்டு. 2008இல் வெளியான மற்றொரு ஆய்வின்படி, ஈயூஐ பழுதான பயிர்கள் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கும் குலைநோய்க்கும் எதிராக வலுவிழந்திருந்தன; ஈயூஐ மிகையாக இயங்கிய பயிர்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. ஜிப்ரலின் குவிந்தால் நெல்லின் அடிப்படை நோய் எதிர்ப்பு தளர்கிறது என்பதே அதன் முடிவு. உறையை விட்டு வெளிவந்த கதிருக்கு இலையுறை அழுகல் அபாயம் குறையும். அதே பயிருக்கு இலைக்கருகல் அபாயம் கூடும். எனவே இந்தப் பழுதை ஒரு பெண் வரிசைக்குள் கொண்டுவருபவர்கள், எக்ஸ்ஏ21 போன்ற இலைக்கருகல் எதிர்ப்பு மரபணுக்களையும் அதே வரிசையில் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகவே வயலில் சோதிக்க வேண்டும்.